பூட்டிய பெட்டி பாடலாமா?

திருவதிகை என்றதும் வீரட்டானேசுவரரும் அப்பர் சுவாமிகளும்தான் உங்கள் நினைவுக்கு வருவார்கள். வர வேண்டியதுதான். நான் சொல்ல வந்ததோ கோயில் விஷயமல்ல. கெடிலக் கரையிலுள்ள அந்த ஊரில் என் நாத்தனார் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி!

நாத்தனாரின் கணவருக்கு நெய்வேலிப் பக்கத்தில் ஓர் ஆபீஸில் கணக்கு உத்தியோகம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. தொழிலாளர்களின் சம்பளக் கணக்கும், பாங்கிக் கணக்கு எண்களும் அந்த மடிக் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. குளிக்கப் போகுமுன் விண்டோஸ் சாவியையும் 'எல்' எழுத்தையும் சேர்த்துத் தட்டித் திரையைப் பூட்டிவிடுவார். திரை மூடிக்கொள்ளும். பாட்டு மட்டும் நிற்காது.

"இது என்ன பூட்டு அண்ணி? வாசலைச் சாத்தின பிறகும் உள்ளே கச்சேரி நடக்கிறதே!" என்றாள் நாத்தனார்.

நியாயமான சந்தேகந்தான். ஆனால் பூட்டுவது வேறு, யந்திரத்தைத் தூங்க வைப்பது வேறு. பூட்டினால் பிறர் கண்ணுக்கும் கைக்குந்தான் தடை. உள்ளே ஓடிக்கொண்டிருந்த வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். நடை சாத்திய பிறகு சந்நிதி விளக்கு எரிவதில்லையா? பாட்டு கேட்கிறது என்பதற்காகப் பூட்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

சந்தேகிக்க வேண்டியது வேறொன்றை. சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்திருக்கிறோம் அல்லவா? படம் ஓடும்போது, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யந்திரம் நினைத்துவிடும், பெரும்பாலும் பூட்டாது. யூடியூபோ ஒரு படம் முடிந்தால் தானாகவே அடுத்ததைப் போடும்! மத்தியானம் அதில் ஸீரியலைப் போட்டுவிட்டு நாத்தனார் மாடியில் வடாம் காயவைக்கப் போனால், இறங்கி வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை கூடத்தில் திறந்த பெட்டி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், மின்சார ரிப்பேர்க்காரர், எல்லாரும் வந்து போகிற கூடம் அது. "நம் ஊரில் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?" என்கிறார் அவள் கணவர். ஊரார் நல்லவர்கள்தாம், ஆனால் அந்தக் கணக்கு எண்கள் அவருடைய சொத்தல்லவே!

தானாக ஓடும் சங்கதி பழைய தொல்லை. விண்டோஸ் 95 காலத்தில் திரைக்குக் கடவுச்சொல் போட்டிருந்தாலும், ஸிடி தட்டு ஒன்றைச் செருகினால் அதிலுள்ள நிரல் தானே கிளம்பி ஓடும். பூட்டையே கழற்றிவிடவும் வழி இருந்தது. பிறகு 2008-ல் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற புழு, பென் டிரைவ் வழியாகவும் பரவியது. 2011-ல்தான் மைக்ரோஸாப்ட் தன் பழைய விண்டோஸ்களிலும் பென் டிரைவ் தானாக ஓடும் வசதியை நிறுத்தியது. இன்றைக்கும் கல்யாண போட்டோ வந்த பென் டிரைவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருக நான் விடமாட்டேன்.

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் தீய நிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. முக்கியமான உள் அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள். அந்தத் 'தனியாக' என்பதைத்தான் நாத்தனாருக்கும் சொன்னேன். இப்போது ஸீரியல் அவள் செல்போனில், அரிசி டின்மேல் சாய்ந்தபடி ஓடுகிறது.

"பலாச்சுளை எடுத்த கையோடு சாவி தட்ட முடியாதே, மூடியை மடக்கினால் போதுமா?" என்று கேட்டாள். பெரும்பாலான பெட்டிகள் மடக்கினால் தூங்கிவிடும். திறந்ததும் கடவுச்சொல் கேட்கிறதா என்று ஒருமுறை மடக்கித் திறந்து பார்த்துவிடுங்கள்.