தோளில் உட்கார்ந்த காகம்

தம்பி மனைவியின் பிரசவத்துக்காக டப்ளினில் மூன்று மாதம் இருந்தேன். பத்தியச் சமையலுக்கும் குழந்தைத் துணிக்கும் நடுவே ஒருநாள் தம்பி, "வாக்கா, ஊரைக் காட்டறேன்" என்று ஓகானல் தெருவுக்கு அழைத்துப் போனான்.

அங்கே பெரிய தபாலாபீஸ். 1916 ஈஸ்டர் வாரத்தில் ஆங்கிலேயரை எதிர்த்த புரட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்ட கட்டடம். ஜன்னலுக்குள் ஒரு வெண்கலச் சிலை. கூஹுலின் என்ற கதை வீரன். சாகும்போதும் கீழே விழக்கூடாதென்று கல்லோடு தன்னைக் கட்டிக்கொண்டானாம். தோளில் காகம் வந்து உட்கார்ந்த பிறகுதான் எதிரிகளுக்குக் கிட்டே வரத் தைரியம் வந்ததாம். பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"பாட்டி கதைக்கும் தபாலாபீஸுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றேன்.

சம்பந்தம் இருக்கிறது. புரட்சித் தலைவர் பியர்ஸ் ஒரு பள்ளிக்கூடம் நடத்தியவர். பையன்களுக்கு இந்த வீரனைத்தான் உதாரணம் காட்டினார். 1916 மே 3-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சிலையை 1935-ல் இங்கே வைத்தார்கள்.

இந்தக் கதைகளைத் திரட்டியவர்களில் கிரகரி சீமாட்டி என்று ஒரு விதவை. நாற்பது வயதுக்கு மேல் ஐரிஷ் பாஷை கற்று, குடிசைகளிலும் அநாதை விடுதியிலும் கிழவர் கிழவிகளிடம் கேட்டு எழுதினாராம். அவருடைய சிநேகிதர் கவிஞர் யேட்ஸுக்கு மோகினி, மந்திரம் எல்லாவற்றிலும் நம்பிக்கை. நம் அடையாறில் இருக்கிறதே பிரம்மஞான சபை, அதிலும் இருந்தார். 1890-ல் ஒரு ரகசிய மந்திரச் சங்கத்திலும் சேர்ந்தார். படித்தவர் இப்படியா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 1902-ல் இருவரும் சேர்ந்து எழுதிய நாடகத்தில், கல்யாண வீட்டுக்கு வரும் ஒரு கிழவி, "என் நிலத்தை அந்நியர் பிடுங்கிக்கொண்டார்கள்" என்கிறாள். மாப்பிள்ளைப் பையன் அவள் பின்னாலேயே போய்விடுகிறான். கிழவி குமரியாகி விடுகிறாள். அவள்தான் அயர்லாந்து! ஜனங்கள் உருகிப் போனார்களாம். எனக்கென்னவோ அந்தக் கல்யாணப் பெண்ணை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

அந்த ஊரிலும் மோகினி பிள்ளையைத் தூக்கிப் போகாமலிருக்கத் தொட்டில்மேல் இரும்பு இடுக்கி வைப்பார்களாம். தொட்டிலடியில் நான் வைத்த இரும்புத் துண்டைப் பார்த்துச் சிரித்த தம்பி, அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

திரும்பும்போது கேட்டான்: "அக்கா, அம்மா சொல்வாளே, கிளிக்குள்ளே உயிரை வைச்ச ராட்சஸன் கதை. கடைசியிலே என்ன ஆகும்?"

அம்மா போய் இரண்டு வருஷம். யோசித்துப் பார்த்தேன். பாதிக்குமேல் வரவில்லை.

வழியில் ஒரு நோட்டு வாங்கினேன். அன்று ராத்திரி, ஞாபகம் இருந்த வரையில் எழுதி வைத்தேன்.