ஒரு நாளில் மூன்று கோட்டைகள்

சரித்திரம் என்றால் டில்லியிலும் பானிபட்டிலும் நடந்தது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். கள்ளக்குறிச்சிக்காரர்களாகிய நமக்கு அந்த எண்ணம் சற்று அதிகம். அது எவ்வளவு பிசகு என்பதை ஒரே பகலில் தெரிந்துகொள்ள வழியுண்டு. கோட்டை, மாதா கோயில், கடற்கரை மூன்றையும் காட்டும் சுற்றுலா பஸ்ஸில் ஏறினால் போதும். சென்ற மாதம் நாம் குடும்ப சகிதமாக ஏறினோம்.

கல்வராயன் மலை பின்னால் நீலக் கோடாக மறைந்ததும், தியாகதுருக்கத்துக் குன்று எதிரே எழுந்தது. "இதுவும் ஒரு கோட்டைதான்" என்று சொல்லிவிட்டு, வழிகாட்டி பஸ்ஸை நிறுத்தாமலே விட்டார். உள்ளூர்க் கோட்டைக்கு அவ்வளவுதான் மரியாதை!

ஆனால் 1760-ல் இந்தக் குன்றுக்கு இருந்த மதிப்பே வேறு. புதுச்சேரியை ஆங்கிலேயர் நெருங்கியபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூர்ப் படைத்தலைவர் ஹைதர் அலியின் துணையை நாடினார். அந்தத் துணைக்கு விலையாகப் பேசப்பட்டது தியாகதுருக்கம். ஹைதரோ சீரங்கப்பட்டணத்தில் மூண்ட கலகத்தால் தம் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது, அடுத்து தியாகதுருக்கம், அதன் பின் ஏப்ரலில் செஞ்சி. நம் பஸ் அன்று சென்ற பாதை முழுவதும் அந்த ஒரே கதைதான்.

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில் வளைத்து நிற்கிறது. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் புதல்வர் ராஜாராமைப் பிடிக்க வந்த மொகலாயப் படை, 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்தது. 1714-ல் தேசிங்கு ராஜா ஆர்க்காட்டு நவாபுடன் பொருது மாண்டார். 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்ற பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலுள்ளது இது ஒன்றே. வழிகாட்டி இவற்றையெல்லாம் மணிமணியாகச் சொன்னார்.

புதுச்சேரி மாதா கோயிலில்தான் அவருடைய வாய் சற்றுத் தயங்கிற்று. கட்டிடம் 1791-ல் முடிந்தது என்றார், அழகைப் புகழ்ந்தார், அவ்வளவுதான். பழைய மாதா கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம், துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்த 1748-ல் இடிக்கப்பட்டதை அவர் சொல்லவில்லை. அவரிடமே துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார். 1761-ல் ஊரைத் தரைமட்டமாக்கிய ஆங்கிலேயர், அந்த மாதா கோயிலையும் விடவில்லை என்பதையும் வழிகாட்டி சொல்லவில்லை.

இதைப் பற்றிப் பஸ்ஸில் ஒரு சிறு விவாதம் எழுந்தது. "பழைய புண்ணைக் கிளறுவானேன்?" என்றார் ஒரு பெரியவர். அவர் நல்ல எண்ணத்துடனேயே சொன்னார். எனினும் நமது அபிப்பிராயம் வேறு. பாதியைச் சொன்னால்தான் கோபம் பிறக்கும். ஆலயம் இடிந்த செய்தியை மட்டும் கேட்ட பிள்ளை ஒரு பக்கம் பகை கொள்ளும். மாதா கோயில் இடிந்ததை மட்டும் கேட்ட பிள்ளை மறு பக்கம் பகை கொள்ளும். இரண்டையும், பிற்பாடு இரண்டும் மீண்டும் எழுந்ததையும் சேர்த்துக் கேட்ட பிள்ளைக்கோ, இடித்தவர்கள் போய்விட்டார்கள், கும்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

மாலையில் கடற்கரைக்குச் சென்றோம். அங்கே கோட்டை ஏதும் கட்டாத மகாத்மாவின் சிலையைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல் தூண்கள் நிற்கின்றன. காலையில் பார்த்த கோட்டையின் கல் இங்கே எப்படி வந்தது என்று குழந்தைகள் கேட்டார்கள். பஸ் புறப்பட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தியாகதுருக்கத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னோம்.