ஒரு சொல்லின் நெடும்பயணம்

ஆங்கில வகுப்பில் நாம் நாள்தோறும் எத்தனை முறை ‘திங்’ என்கிறோம்! பேனாவும் ‘திங்’, புத்தகமும் ‘திங்’. டென்மார்க், நார்வே, சுவீடன் நாட்டு மொழிகளில் இதன் உடன்பிறப்பு ‘டிங்’. அங்கும் அதற்குப் ‘பொருள்’ என்றே பொருள்.

ஆனால் பண்டைக் காலத்தில் இச்சொல் மக்கள் கூடிய சபையைக் குறித்தது. சபையில் பேசப்பட்ட வழக்கு ‘காரியம்’ ஆயிற்று. காரியம் நாளடைவில் எல்லாப் பொருளுக்கும் பெயராயிற்று.

பழைய பொருளும் அழிந்துவிடவில்லை. நார்வேயின் பாராளுமன்றம் ‘ஸ்டோர்டிங்’, டென்மார்க்கினுடையது ‘ஃபோல்கடிங்’, ஐஸ்லாந்தினுடையது ‘ஆல்திங்’. கி.பி. 930-இல் தொடங்கிய ஆல்திங், திங்வெல்லிர் என்னும் திறந்த வெளியில் கூடியது. சட்டங்கள் ஏட்டில் ஏறாத அக்காலத்தில், சட்டம் உரைப்பவர் அவற்றை மனப்பாடமாகச் சொல்வார். வாளால் தீர்ப்பதைச் சொல்லால் தீர்க்கலாம் என்று அம்மக்கள் கண்டனர்.

‘ஆல்திங்’ என்றால் அனைவரின் சபை. ஆயினும் பெண்களுக்கு அதில் வாக்கு இல்லை! 1915-இல்தான், அதுவும் 40 வயது நிறைந்த பெண்களுக்கு மட்டுமே, அவ்வுரிமை கிடைத்தது. 1922-இல் அச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி இங்கிபியர்க் பியர்னசன். அவர் யார் தெரியுமா? ரெய்க்யவிக் நகரில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை!

‘அனைவரும்’ என்ற சொல்லுக்குள் பெண்கள் நுழைய ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின. ஆகவே தோழியரே, ஒரு சொல்லின் பொருளை அறிவதோடு நாம் நின்றுவிடலாகாது. அச்சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்றும் கேட்போம்.