நீருக்கடியில் ஒரு மேடு

என் அக்காவின் மகன் நீர்கொழும்பில் பலநாள் படகுகளுக்குக் கருவிகள் பொருத்துகிறவன். விடுமுறையில் மஸ்கெலியாவுக்கு வந்தபோது பழைய பிஷ் பைண்டர் ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தான். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மீன் பார்க்கலாம் என்றான். எனக்கு மீனில் நாட்டமில்லை. 1960களின் இறுதியில் அணை எழுந்தபோது நீருக்குள் போன பழைய மஸ்கெலியா நகரத்தைப் பார்க்கும் ஆசை. கடும் வரட்சியில் கோயிலின் இடிபாடு வெளித்தெரியும். ஒருமுறை அதைச் செய்தியாக எழுதியுமிருக்கிறேன்.

வள்ளத்தில் ஏறித் திரையைத் திறந்தால் ஒரே குப்பை. கருவி ஆழ்கடலுக்கான அமைப்பிலேயே இருந்தது: 50 கிலோஹெர்ட்ஸ், 300 மீட்டர் ஆழ எல்லை, உச்சத்தில் உணர்திறன். ஆழ்கடலில் அது சரி. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கடல்நீர் விரைவில் விழுங்கிவிடும். தாழ்ந்த அதிர்வெண்தான் அடி தொட்டுத் திரும்பும். திரும்பும் ஒலி மெலிந்திருப்பதால் உணர்திறனைக் கூட்டியாக வேண்டும். இங்கோ ஆழம் 20 மீட்டர். ஒலி போய் வர நொடியில் நூறில் மூன்று பங்குகூட ஆகாது. அடித்தளம் திரையின் உச்சியில் ஒட்டிக்கிடக்க, 40 மீட்டரில் இன்னொரு பொய்யான தரை. தரைக்கும் நீர்மட்டத்திற்கும் இடையே ஒலி இருமுறை போய்வந்ததன் விளைவாம். 1948இல் ஜப்பானின் புருனோ சகோதரர்கள் இத்தகைய கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்து மீனவர்களும் இப்படித்தான் திகைத்திருப்பார்கள்.

எல்லையை 30 மீட்டராகக் குறைத்தான். புள்ளிகள் மறையும்வரை உணர்திறனை இறக்கி, பின் சற்றே ஏற்றினான். தரை தெளிந்தது. அதன்மேல் ஒரு மேடு.

“கோயில்!” என்றேன்.

“பொறுங்க மாமா. இது 40 பாகை கூம்பு. 20 மீட்டர் ஆழத்தில தரையில 14 மீட்டர் அகலத்துக்கு விரியும். அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்.”

200 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினான். கூம்பு 12 பாகையாகச் சுருங்கி, தரையில் 4 மீட்டர்தான் தொட்டது. வள்ளக்காரர் அதே வழியே மெல்லத் துடுப்புப் போட்டார். மேடு இரண்டாகப் பிரிந்தது, நடுவே வெற்றிடம். சுவர்களாக இருக்கலாம். பாறைகளாகவும் இருக்கலாம். வண்டல் வேறு படிந்திருக்கும். வில்போல வளைந்த இரண்டு கோடுகளைக் காட்டி, கெண்டையாக இருக்கும் என்றான் மருமகன். நான் சரியாகப் பார்க்கவில்லை.

நாற்பது ஆண்டு பத்திரிகைத் தொழிலில் இருந்தவன். தலைப்பு மனத்தில் அச்சேறிவிட்டது. கரையில் அக்கா காத்திருந்தாள். நகரத்தை விட்டுக் கிளம்பியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கோயிலைப் பார்த்தோம் என்று சொன்னால் மகிழ்வாள். யாரும் மறுக்கவும் முடியாது. மருமகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“கோயில் தெரிஞ்சதா?”

“ரெண்டு மேடு தெரிஞ்சதுக்கா. நடுவுல இடைவெளி. என்னான்னு சொல்ல முடியல.”

“எவ்வளவு இடைவெளி?”

“எங்க வள்ளத்தவிடக் கொஞ்சம் கூட. அஞ்சாறு மீட்டர் வரும்.”

அவள் நீரைப் பார்த்தபடி சற்றே கணக்குப் போட்டாள்.

“அப்ப அது கடைவீதிடா. கோயில் இன்னும் மேல.”

மருமகன் கருவியின் பேட்டரியைக் கழற்றாமல் நின்றான்.