சாலைக் கடைத்தெருவும் சங்குமுகத்து விமானமும்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் நிலையத்தை விட்டு வெளிவந்து சிறிது தூரம் நடந்தால் சாலைக் கடைத்தெருவை அடையலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த அங்காடி இது. அவர் இன்றைய குமரி மாவட்டத்துக் குன்னத்தூரில் பிறந்தவர். மிளகு, வெற்றிலை, பித்தளைப் பாத்திரம், பொன் நகை எல்லாம் இங்குண்டு. பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் விலை பேசுகிறார்கள். நம்மவர் காதுக்கு அது இனிமையாகவே இருக்கிறது.

வணிகருக்குச் சரக்கை முந்திக் கடிதம் வரவேண்டும். இருப்புப்பாதை தம்பானூரை எட்டியது 1931-இல். புகைவண்டி இலாகாவைச் சேர்ந்த நமக்குச் சற்று வருத்தந்தான். நான்கே ஆண்டுகளில் விமானமும் வந்துவிட்டது! 1935-இல் டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று மகாராஜாவுக்கு வைசிராய் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துடன் சங்குமுகத்தில் இறங்கிற்று. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்து பம்பாய்க்குப் பறந்தது. அதனை ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட் என்னும் முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை வீரர்.

இரண்டாம் உலகப் போரின்போது வின்சென்ட் விமானத் தொழில் தொடர்பாக இங்கிலாந்து சென்றிருந்தார். 1942-இன் தொடக்கத்தில் இராணுவ விமானமொன்றில் பயணியாகத் திரும்பும் வழியில், பிரெஞ்சுக் கடற்கரைக்கு அப்பால் அவ்விமானம் வீழ்ந்தது. அவர் திரும்பவில்லை.

மிளகுக் கடைப் பெரியவர் ஒருவரிடம் இதைக் கூறிக்கொண்டிருந்தோம். போர் என்றால் அப்படித்தான் என்றார். போர்முனைக்கு வெளியேயும் இறந்தார்கள் ஐயா என்று கருண் கிருஷ்ண மஜும்தாரைப் பற்றிச் சொன்னோம். காங்கிரசின் முதல் தலைவர் டபிள்யூ. சி. பானர்ஜியின் பேரர் அவர். 1942-இல் நம் மக்கள் பர்மாவிலிருந்து கால்நடையாக ஓடிவந்த அதே மாதங்களில், அங்கே ஓர் இந்திய விமானப் பிரிவை நடத்தினார். பின்னர் பிரான்சிலும் பறந்தார். இருமுறை வீரப் பதக்கம் பெற்றார். அத்தனைக்கும் தப்பியவர், 1945 பிப்ரவரி 17 அன்று லாகூரில் விமானக் காட்சி ஒன்றுக்குப் பயிற்சி செய்கையில், அவரது ஹரிக்கேன் விமானம் வீழ்ந்து மாண்டார். வயது 31.

பகைவனே இல்லாத வானில் இது எப்படி என்று பெரியவர் வியந்தார். தாழ்வாகப் பாய்ந்து நிமிரும் வித்தையில் பிசகு நேர்ந்தால், திருத்திக்கொள்ளவோ குடை விரித்துக் குதிக்கவோ போதிய உயரம் இராது. பயிற்சியில் இறந்தவரைப் பலர் ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். அவ்வழக்கம் நமக்கு உடன்பாடன்று.

பெரியவரின் பேரன் விமானப்படைத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறானாம். “பயிற்சியிலா, ஐயா?” என்று இருமுறை கேட்டார். பிறகு தராசை எடுத்து, காத்திருந்த அம்மையாருக்கு மிளகு நிறுக்கத் தொடங்கினார்.