கடற்கரையிற் கற்ற பாடம்

பல்லாண்டுகளாக வகுப்பறையிலே கடல் அல்காக்களைப் பற்றிக் கற்பித்து வந்துள்ளோம். கரும்பலகையிற் படம் வரைந்து, பச்சை, கபிலம், சிவப்பு என மூவகையாகப் பிரித்து, போத்தலுள் வெளிறிக் கிடக்கும் மாதிரிகளைக் காட்டி, பரீட்சைக்கு வேண்டிய குறிப்புக்களையும் சொல்லி முடிப்போம். அவை உயிரோடு கடலில் எவ்வண்ணம் இருக்கும் என்பதை நாமே நின்று பார்த்ததில்லை. அதனை எவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

ஒருநாள் பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், இது கடலுக்குள்ள என்ன நிறம்?” என்று கேட்டான். போத்தலில் இருந்ததோ வெள்ளை. நூலில் இருந்ததோ சிவப்பு அல்கா. ஆகவே, “சிவப்பு” என்றோம். அவன் மறுமொழி கூறாது அமர்ந்தான். ஆயினும் எம் விடையை அவன் நம்பவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. அவன் பருத்தித்துறைக் கடற்றொழிலாளர் ஒருவரின் மகன். தந்தையோடு கடலுக்குச் சென்ற நாட்களில் வகுப்புக்கு வராமைக்காக எம்மாற் பலமுறை கண்டிக்கப்பட்டவன்.

அம்முகம் எம்மை உறங்கவிடவில்லை. வாடைக்காற்று ஓய்ந்த மாசி மாதத்துப் பூரணையை அடுத்து, வெள்ளைத் தட்டமொன்றும் பென்சிலும் குறிப்பேடும் கொண்டு அவனையே துணையாக அழைத்துச் சென்றோம். எமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. எனினும் பூரணை, அமாவாசையை ஒட்டி நீர் சற்று அதிகமாக வற்றும்போது சுண்ணக்கற்பார்கள் தலைகாட்டும்.

முழங்காலளவு நீரில் நாடாப்போல் அசைந்த பசிய இலைகளைக் கண்டதும், “இதோ பச்சை அல்கா!” என்று மகிழ்ந்தோம்.

“சேர், அது பாசியில்லை. கிண்டிப் பாருங்கோ, வேர் இருக்கு” என்றான் அவன்.

கிண்டினோம், வேர் இருந்தது. அது கடற்புல், பூத்துக் காய்க்கும் தாவரம். கரையொதுங்கும் யாவற்றையும் சாதாளை என்று பொதுப்படச் சொல்லிவிடுகின்றோம். அல்காவுக்கு உண்மையான வேரில்லை. பாறையைப் பற்றிக்கொள்ளும் பற்றுறுப்பே உண்டு. இதனை நூறுமுறை கற்பித்திருந்தும் கண்முன் கண்டபோது மறந்தோம்.

அடுத்து, பாரின் விளிம்பிலே மஞ்சள் கலந்த பசுமையுடன் கிளைத்திருந்த ஒன்றைக் காட்டி, “இதுதான் சேர் போத்தலில இருந்தது” என்றான். அது கிராசிலேரியா, கடற்பாசி இனிப்புக்கு வேண்டிய அகார் தரும் இனத்தைச் சேர்ந்தது. ஆழமற்ற நீரில் வெயில் காயும் சிவப்பு அல்காக்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறிவிடுவதுண்டு. எனவே நிறத்தை மட்டும் நம்புதல் தகாது. வீட்டுக்குக் கொணர்ந்து நன்னீரில் ஊறவிட்டபோது நீர் மெல்லச் சிவந்தது. அல்காவினுள் மறைந்திருந்த செந்நிறப்பொருள் நீரிற் கரைந்து வெளிவந்தது. கபில அல்காவைச் சுடுநீரில் இட்டாலோ அது பச்சையாகும்.

அன்றுமுதல் பல மாதங்கள் சென்றுவந்தோம். காற்றுப்பைகளை உடைய சாகசத்தையும், விசிறிபோல் விரிந்து ஓரம் உட்சுருண்ட பாதினாவையும், கிளைநுனிதோறும் இரண்டிரண்டாகப் பிரியும் டிக்டியோட்டாவையும் பிரித்தறியக் கற்றோம். திராட்சைக் குலைபோன்ற கோலேர்ப்பா, உள்ளே குறுக்குச்சுவர் எதுவுமின்றி முழுவுடலும் ஒரே கலமாய் அமைந்தது என்பதைக் கையில் ஏந்தியபோதே வியக்க முடிந்தது. சுண்ணம் செறிந்த அலிமேடாவின் துண்டுகள் உதிர்ந்தே வெண்மணலின் ஒரு பகுதி உண்டாகின்றது.

பறிக்குமுன் அது நின்ற இடத்தைக் குறித்தல் வேண்டும்: பாறையா, மணலா, அலை மோதுமிடமா, ஒதுக்கிடமா என்று. பின்னரே பற்றுறுப்போடு ஒன்றை மாத்திரம் எடுத்தல் வேண்டும். இவ்வொழுங்கைக் கற்றபின் நூல்களும் புதுப்பொருள் தந்தன. எம். துரைரத்தினம் அவர்கள் இலங்கைக் கடல் அல்காக்கள் பற்றி 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை அதன் பின்னரே உணர்ந்து படித்தோம். பெயர்களும் நிலையானவை அல்ல. நாம் மாணவப் பருவத்தில் என்டரோமோர்பா எனப் படித்த சாதி, 2003ஆம் ஆண்டு ஆய்வின் பின் உல்வாவுடன் சேர்க்கப்பட்டது. பெயர் மாறினும் பார்த்தறிந்த கண் பயன் இழப்பதில்லை.

மாதிரியைத் தட்டத்து நீரில் மிதக்கவிட்டு, அடியிலே தடித்த கடதாசியைச் செலுத்தி மெதுவாக உயர்த்தினால், கிளைகள் தாமே விரிந்து படியும். மேலே மெல்லிய துணியிட்டு, ஒற்றுத்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தினால், பெரும்பாலானவை தம் பசையாலேயே ஒட்டிக்கொள்ளும். கீழே பெயர், இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியன எழுதப்படும்.

முதன்முதல் உலர்ந்த தாளிலே, பழக்கத்தால், சேகரித்தவர் என்ற இடத்தில் எம் பெயரை எழுதிவிட்டோம். அருகில் நின்ற மாணவன் அதைப் பார்த்தான். வழமைபோல் ஒன்றும் சொல்லவில்லை. அதனை வெட்டிவிட்டு அவன் பெயரை எழுதினோம்.

இன்று எமது ஆய்வுகூடச் சுவரிலே அத்தாள் வெட்டுக்கோட்டுடனேயே தொங்குகின்றது. யார் பெயர் வெட்டப்பட்டுள்ளது என்று புதிய மாணவர் கேட்பதுண்டு. மறைக்காமற் சொல்லுகின்றோம்.