டாக்டர் தயங்கியபோது



இந்த வாரத் தியானத்தில் என்னைக் குறித்தே எழுத வேண்டியவனாயிருக்கிறேன். சென்ற ஆண்டு ஜனவரியில் ஐந்து வாரங்கள் நான் பிரசங்க பீடத்தில் நிற்கவில்லை. "ஐயருக்கு வயிற்றில் ஓர் ஆபரேஷன்" என்று மட்டும் அறிவிக்கச் செய்தேன். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. எனக்கு நடந்தது உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சை. அதை உங்களிடம் மறைத்தேன். அதற்கு முன்னர், பத்தொன்பது ஆண்டுகளாக என்னைக் கவனித்து வரும் குடும்ப டாக்டரிடமும் மறைக்கப் பார்த்தேன். இந்த இரண்டாவது மறைவைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன். உங்களில் சிலர் இன்று அதே இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை அறிவேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பெரிய வியாழன் இரவு. திருவிருந்து மேசைக்கு முன் முழங்கால் படியிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. கோயில்பிள்ளை ஓடி வந்து என் கைக்குக் கீழே தோள் கொடுத்துத் தூக்கினார். நீங்கள் அனைவரும் கண்களை மூடி ஜெபத்தில் இருந்தீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது என் எடை 112 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை குறியெண் எனக்கு ஏறத்தாழ 39.7. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின். இரவில் மூச்சுத் தடைபடாதிருக்க முகத்தில் கவசம் மாட்டும் இயந்திரம். நடந்தேன், அரிசியை விட்டேன், பேலியோ உணவுமுறையையும் பின்பற்றினேன். ஒன்பது கிலோ குறைந்து, பின் பன்னிரண்டு கிலோ ஏறிய ஆண்டும் உண்டு.

அடுத்த வாரம் டாக்டரிடம் சென்று, எடை குறைப்பு அறுவை சிகிச்சை எனக்குப் பொருந்துமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டு எழுதிக்கொண்டே, "வேண்டாம் ஐயா. இன்னும் ஆறு மாதம் நடந்து பாருங்கள்" என்றார். முழங்கால் வலிக்குப் போனாலும், தொண்டைப் புண்ணுக்குப் போனாலும் அவர் வாயில் முதலில் வருவது எடையைப் பற்றிய பேச்சுதான். அன்று எனக்குள் கசப்பு எழும்பிற்று. ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஊழியக் கூட்டம் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் பேருந்தேறி ஓர் அறுவை நிபுணரைச் சந்தித்தேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும். அந்த நிபுணர் பொறுமையாக விளக்கினார். 1991-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நெறிமுறை குறியெண் 40, அல்லது எடையால் விளைந்த கடும் நோயுடன் 35 என்று எல்லை வைத்தது. 2022-இல் அந்த எல்லை தளர்த்தப்பட்டு, ஆசியரைப் பொறுத்தவரை 27.5 முதலே இச்சிகிச்சையை எண்ணிப் பார்க்கலாம் என்றாயிற்று. உடல் மெலிந்தவுடன் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுவதையும், உடல் செலவிடும் ஆற்றல் குறைவதையும், அதனால் இழந்த எடை மறுபடி ஏறுவதையும் எடுத்துச் சொன்னார். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் அதிகமானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவாயிருந்ததையும் கூறினார். பதினோரு ஆண்டுகளாக என்னை நானே பெருந்தீனிக்காரன் என்று குற்றம் சாட்டி வந்தவனுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய ஆறுதலாயிருந்தது.

முடிவில் அவர் கேட்டார்: "உங்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் யார்? அவருடைய கடிதமும் பழைய சீட்டுகளும் வேண்டுமே." நான் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

திரும்பி வரும் பேருந்தில், பன்னிரண்டு ஆண்டு பெரும்பாடுள்ள ஸ்திரீயின் நினைவு வந்தது. அந்தப் பகுதியை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். வைத்தியர்களிடம் எல்லாவற்றையும் செலவழித்தும் அவள் நிலைமை மோசமாயிற்று என்று மாற்கு எழுதுகிறார். பிரியமான வைத்தியன் என்று பவுலால் அழைக்கப்பட்ட லூக்காவோ, மோசமாயிற்று என்ற பகுதியை விட்டுவிடுகிறார். இறையியல் கல்லூரியில் எங்கள் பேராசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. ஆனால் அன்று என்னை உறுத்தியது வேறொன்று. அவள் கூட்டத்துக்குள்ளே பின்னாலிருந்து, யாரும் அறியாமல் தொடுகிறாள். சுகமும் பெறுகிறாள். ஆண்டவர் அதோடு அவளைப் போகவிடவில்லை. தொட்டது யார் என்று கேட்டு நின்றார். அவள் நடுங்கிக்கொண்டே முன்னே வந்து உள்ளதை எல்லாம் சொன்ன பின்னரே சமாதானத்தோடு அனுப்பினார். மறைவில் பெறும் சுகத்தை அவர் போதுமானதென்று எண்ணவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை, கடைசி நோயாளி போன பிறகு டாக்டர் முன் அமர்ந்து, மதுரைக்குப் போய் வந்ததைச் சொன்னேன். பின் கேட்டேன்: "டாக்டர், என் விஷயத்தில் நீங்கள் எதற்கு அஞ்சுகிறீர்கள்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஓர் ஆசிரியரை இந்த அறுவைக்கு நான்தான் அனுப்பினேன் ஐயா. நன்றாக இளைத்தார். இரண்டாம் ஆண்டு மாத்திரைகளை நிறுத்திவிட்டார். கால் மரத்து, தள்ளாடிக்கொண்டு என்னிடம் வந்தார். பி12 சத்து அடியோடு குறைந்திருந்தது. அவரை அனுப்பியவனும் நான்; பிறகு கவனிக்காமல் விட்டவனும் நான்" என்றார். அவருடைய அடுத்த அச்சம், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பது. மூன்றாவது என்னைப் பற்றியது. "உங்களுக்குப் போதும் என்று சொல்ல வராது. பத்து வீடு சந்திக்கப் போனால் பத்து வீட்டிலும் பலகாரமும் தேநீரும் சாப்பிடுகிறவர் நீங்கள். அறுவைக்குப் பிறகு என்ன செய்வீர்கள்?"

என் முறையும் வந்தது. பதினோரு ஆண்டு எடைக் குறிப்பேட்டை அவர் முன் வைத்தேன். ஒவ்வொரு முயற்சியும் அதில் தேதியோடு இருந்தது. அவர் வெகுநேரம் புரட்டினார். "நீங்கள் முயற்சி செய்யவேயில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். மன்னியுங்கள்" என்றார். பத்தொன்பது ஆண்டுகளில் நாங்கள் இருவரும் உண்மையாகப் பேசிக்கொண்டது அந்த மாலையில்தான்.

அவர் கடிதம் எழுதச் சம்மதித்தார்; ஆனால் முதலில் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும் என்றார். நான் கேட்டுப் போயிருந்தது ஸ்லீவ் என்னும் முறை. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி நீக்கிவிடுவது. என் நண்பர் ஒருவருக்கு அதுதான் நடந்திருந்தது. பரிசோதனையிலோ, அமிலம் மேலேறி என் உணவுக்குழாய் புண்பட்டிருப்பது தெரிந்தது. ஸ்லீவ் செய்தால் அந்தத் தொல்லை கூடக்கூடும். மதுரை நிபுணரும் அதைப் பார்த்து, சிறு இரைப்பைப் பையைச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் பைபாஸ் முறைக்கு மாற்றினார். என் டாக்டரை ஒதுக்கிவிட்டு நான் அவசரப்பட்டிருந்தால், எனக்குப் பொருந்தாத அறுவையையே கேட்டு வாங்கியிருப்பேன்.

காப்பீட்டிலும் அவருடைய சீட்டுகளே துணை நின்றன. நம் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி, குறியெண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடும் நோய் இருந்து, எளிய வழிகள் பயனளிக்காமற்போனாலோ இச்சிகிச்சையை ஏற்கிறது. எளிய வழிகள் பயனளிக்கவில்லை என்பதற்கு, நடக்கச் சொல்லி அவர் எழுதிய சீட்டுகளே சாட்சியாயின.

அறுவைக்குப் பின் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இப்போது என் எடை 83 கிலோ. இன்சுலின் நின்றது, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை மட்டும் தொடர்கிறது. இரவில் கவசம் தேவையில்லை. இதற்கான விலையையும் சொல்ல வேண்டும். சத்து மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனைகளும் ஆயுள் முழுவதும் உண்டு. குடலில் புண் வரக்கூடும் என்பதால் முன்பு விழுங்கிய மூட்டுவலி மாத்திரைகள் இனி ஆகாது. நான்காம் மாதத்தில் முடி கொத்துக்கொத்தாய் உதிர்ந்தது. சென்ற அசனத்தில், உங்களை மனநோகச் செய்யக்கூடாதென்று இரண்டு கரண்டி பாயசம் குடித்தேன். கால் மணி நேரத்தில் வியர்த்துப் படபடத்து, பந்தியை விட்டு எழுந்து போனேன். போதும் என்று சொல்ல வராது என்று டாக்டர் சொன்னது உண்மைதான். அதைக் கத்தி மாற்றவில்லை. அதை நான்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரியமானவர்களே, அறுவை செய்துகொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ உங்களுக்குச் சொல்ல நான் மருத்துவன் அல்லன். உங்கள் டாக்டர் தயங்கினால், மௌனமாய் வீடு திரும்பாதிருங்கள். அவருக்குத் தெரியாமல் வேறு வாசலுக்கும் ஓடாதிருங்கள். தயக்கத்தின் காரணத்தைக் கேளுங்கள். என் உடலில் எதைக் கண்டு அஞ்சுகிறீர்கள்? ஒன்றும் செய்யாதிருந்தால் பத்து ஆண்டில் எனக்கு என்ன நேரும்? வாராந்தர ஊசி போன்ற வேறு வழி உண்டா? அறுவைக்குப் பின் என்னைத் தொடர்ந்து கவனிப்பீர்களா? இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் இதுவரை முயன்றவற்றின் கணக்கையும் கொண்டுபோங்கள். காரணம் சொல்லாமல் ஏளனம் மட்டும் செய்கிறவரானால், இன்னொருவரின் கருத்தைக் கேட்பது துரோகம் ஆகாது. ஆனால் அதையும் வெளிப்படையாய்ச் செய்யுங்கள். மறுபுறத்தில், எந்தக் கேள்வியும் கேட்காமல், பழைய சீட்டுகளைப் பாராமல், நாளைக்கே தேதி தருகிறவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

"ஜெபித்தால் போதாதா ஐயரே?" என்று உங்களில் ஒருவர் கேட்பார். எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்டது. அதன் பின்னும் ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் போடச் சொன்னார். மருந்தை நாடுகிறவன் விசுவாசத்தை விட்டவன் அல்லன்.

வீடுகளில் அன்போடு தட்டை நீட்டும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பருத்தவர் ஒருவர் வேண்டாம் என்றால், ஒரு முறைக்கு மேல் வற்புறுத்தாதிருங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய சரீரத்தைப் பற்றிப் பேசாதிருங்கள். இந்த லெந்து நாட்களில் அதுவும் ஓர் உபவாசமே. என் நோயை உங்களிடம் மறைத்ததற்காக உங்கள் மன்னிப்பையும் கேட்கிறேன்.

ஜெபிப்போம்: எங்கள் சரீரங்களை அறிந்திருக்கிற பிதாவே, வெட்கத்தினால் நாங்கள் ஒளித்து வைத்தவற்றை உமக்கும், எங்களைக் கவனிப்பவர்களுக்கும் முன்பாகத் திறந்து சொல்லத் தைரியம் தாரும். எங்கள் மருத்துவர்களுக்குக் கேட்கும் செவியையும், எங்களுக்குப் பொறுமையையும் தாரும். ஆமென்.

உங்கள் ஆயர்